கேள்வியை மறக்காத பெட்டி

வியாழன் கிரகம் பார்ப்பதற்குப் பருப்பும் நெய்யும் போட்டுச் சரியாகப் பிசையாமல் விட்ட சோறு மாதிரி இருக்கும். நான் போய்ப் பார்த்ததில்லை. பார்த்தவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. சாப்பிடும்போது எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. மற்ற நேரங்களுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

சொன்னவள் எங்கள் மகள் பூர்விகா. 'நெடுவழி' என்ற கப்பலில் தண்ணீர் சுற்றும் மோட்டார்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. கோயம்புத்தூர் கணபதியில் காலமெல்லாம் பம்ப்செட் செய்து விற்றவனின் மகள் வேறு எதற்குப் பொறுப்பாவாள்? அந்தக் கப்பல் அடுத்த நட்சத்திரத்துக்குப் போகிறது. திரும்பி வராது. வழியனுப்பப் போனபோது என் மனைவி கலாமணி ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கு கொண்டு போனாள். எடை கூடிவிடும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கப்பல் மேலே போய்ப் புள்ளியாகி மறைந்த பிறகு திரும்பிப் பார்த்தால், வாங்கி வைத்தவர் கன்னம் அசைந்துகொண்டிருந்தது.

மகளோடு பேச எங்களுக்கு இருந்த ஒரே வழி வாசலில் மாட்டியிருந்த பெட்டி. அது ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொய்க்குரல்கள் பெருகிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அண்ணன் குரலில், தங்கை குரலில், இறந்துபோன மாமனார் குரலில்கூட யார் யாரோ பேசினார்கள். ஒருநாள் எனக்கே என் குரலில் அழைப்பு வந்தது. "நான்தான் பேசறனுங்க" என்றார். "சொல்லுங்க" என்றேன். நெடுநேரம் பேசினோம். நல்ல மனிதர். என்னைவிட மரியாதை தெரிந்தவர். கடைசியில் வங்கியின் ரகசிய எண்ணைக் கேட்டார். நம்மிடமே நாம் மறைப்பதா என்று கொடுத்துவிட்டேன்.

இப்படி ஊரே ஏமாந்த பிறகு சட்டம் வந்தது. ஒரு வீடு கேட்காத எதுவும் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. கேள்வி உள்ளேயிருந்து போக வேண்டும். அதற்கான பதில் மட்டுமே வெளியேயிருந்து வரலாம். எந்தக் கேள்வி போனது என்பது அந்த வீட்டு வாசல் பெட்டியின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். வேறெங்கும் எழுதி வைக்கக் கூடாது. எழுதினால் யாராவது திருடிப் பொய்ப் பதில் தயாரித்துவிடுவார்கள். படித்தவர்கள் அதை ஃபயர்வால் என்றார்கள். நாங்கள் பெட்டி என்றோம்.

எங்கள் முதல் பெட்டி பவுடர் டப்பா அளவு. தினமும் மத்தியானம் கலாமணி அதன் முன்னால் நின்று, "சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்பாள். கப்பல் நிலாவைத் தாண்டும்வரை பதில் வந்தது. அப்புறம் நின்றுபோனது.

"அம்மிணிக்கு நம்ம மேல கோவமுங்க" என்றாள் கலாமணி.

"எதுக்கு?"

"முறுக்கக் கொண்டுபோக உடாமப் போயிட்டமுங்கல்ல."

"நாமளா உடாம இருந்தம்?"

"கோவத்துல இருக்கறவங்க அதெல்லாம் பாப்பாங்ளா?"

அவள் கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் குரல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பெட்டிக்கே கேட்குமா என்ற அளவுக்குக் கேட்டாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, கலாமணியையும் கூட்டிக்கொண்டு காந்திபுரம் போனேன்.

அங்கே ரபீக் என்பவர் கடை வைத்திருந்தார். சுவரெல்லாம் மினி பிசி என்கிற குட்டிக் கணினிகள் அடுக்கியிருக்கும். வாய் ஓயாத மனிதர். எங்கள் பெட்டியைத் தன் திரையில் மாட்டிப் பார்த்தவர், பேச்சை நிறுத்திவிட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அய்யா, பதில் வந்துட்டுத்தானுங்க இருக்குது. ஒருநாள் தவறாம வந்திருக்குது."

"அப்பறம் எங்க போச்சு?"

"உங்க பொட்டி உள்ள உடலீங்க. 'இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை'ன்னு சொல்லி அழிச்சிருச்சு."

"நான் கேட்டனே!" என்றாள் கலாமணி.

"நீங்க கேட்டீங்கம்மா. பொட்டி மறந்துருச்சு."

கலாமணி என்னைப் பார்த்தாள். நான் ரபீக்கைப் பார்த்தேன்.

"கேக்கற கேள்விய வெச்சிருக்கறதுக்கு ரேம்னு ஒண்ணு இருக்குதுங்க" என்றார் ரபீக். "உள்ளூர்ல கேட்டா கண்ணச் சிமுட்டறதுக்குள்ள பதில் வந்துரும். அதுக்குத் தக்கன கொஞ்ச நேரம்தான் ஞாபகம் வெச்சிருக்கும். அதுக்குள்ள வரலைன்னா இனி வராதுன்னு நெனச்சுத் தொடச்சுப் போடும். பாப்பா இப்ப செவ்வாய்க்கு அக்கட்ட போயிருக்குது. நீங்க சாப்பிட்டயான்னு கேட்டது அங்க போயி, பதில் இங்க வர்றதுக்குள்ள, போட்ட காப்பி ஆறி ஆடை கட்டிப் போகுமுங்க. அத்தனை நேரம் இந்தப் பொட்டி தாங்காது."

"அப்ப அவ சொன்னதெல்லாம்?"

"அழிஞ்சது அழிஞ்சதுதானுங்கம்மா."

கலாமணி கடையின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "தெனம் வந்து வாசல்ல நின்னிருக்குது. யாரு நீயின்னு கேட்டு அனுப்பிச்சிருக்கறம்" என்றாள். அழவில்லை. பெட்டியை மட்டும் ஒருமுறை திருப்பிக் கவிழ்த்து வைத்தாள், முகம் பார்க்க விருப்பமில்லாதவள் போல.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தம்பி, நல்ல பொட்டியா ஒண்ணு எடுத்துப் போடு."

"எவ்வளவு ரேமுங்க?"

"கப்பல் போகப் போக எவ்வளவு நேரம் ஆகும் பதில் வர?"

"கப்பல் எங்க நிக்குமுங்க?"

"நிக்காது."

ரபீக் உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய ரேமைக் கொண்டு வந்து வைத்தார். "இதுல கேள்வியப் போட்டா, நீங்க மறந்தாலும் அது மறக்காதுங்க."

"ஃபேன் இருக்குதா?"

"ஃபேன் வெச்சதும் இருக்குது, இல்லாததும் இருக்குது. இல்லாதது உடம்பெல்லாம் தகடு தகடா இருக்கும், சூட்ட அதுவே வெளிய தள்ளிக்கும்."

"இல்லாததக் குடு. சுத்தறது எதுவா இருந்தாலும் ஒருநாள் நிக்கும். மோட்டார் வித்தவன் சொல்றேன்."

"வயர் சொருக ரெண்டு போர்ட் போதுமுங்களா? வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு."

"நாலு இருக்கட்டும்."

"எதுக்குங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் ஊரில் யாரும் தேவையான அளவு மோட்டார் வாங்குவதில்லை. மூன்று குதிரைத் திறன் போதும் என்று நானே சொல்வேன். வந்தவர் கிணற்றையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், "ஏழரை போடுங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்பார். அன்னூர்ப் பக்கம் ஒருவர் அப்படிப் போட்ட மோட்டார் அவர் கிணற்றை உறிஞ்சி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை உறிஞ்சி, எதிர்வீட்டு அம்மா இடுப்பில் வைத்திருந்த குடத்துத் தண்ணீரையும் உறிஞ்சிவிட்டது. குடத்தை நான் கண்ணால் பார்த்தேன். அப்படியிருந்தும், பிராசசர் என்று ரபீக் ஆரம்பித்ததும் எனக்கு ஊர்ப்புத்திதான் வந்தது.

"பிராசசர் சின்னதே போதுமுங்க" என்றார் அவர். "அதுக்கு ஒரே வேலதான். கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் பொருந்துதான்னு பாக்கோணும். சாப்பிட்டயான்னு கேட்டா சாப்பாட்டப் பத்திப் பதில் வரோணும். பேங்க் நம்பரப் பத்தி வந்தா வெட்டிரும். இதுக்கு எதுக்குங்க பெரிய மூள? சும்மா உக்காந்திருக்கும். அதுவுமில்லாம, ஒருக்கா பெருசு போட்டா..."

"உக்காந்துட்டுப் போகுது. பெருசாப் போடு."

"அய்யா, நான் சொல்றதக் கேளுங்க..."

"எதுக்கும் இருக்கட்டும் தம்பி."

போட்டார்.

புதுப் பெட்டி கருப்பாக, கனமாக, சிக்கு எடுக்கும் சீப்புகளை அடுக்கிக் கட்டினது மாதிரி இருந்தது. கரண்ட் போனால் ஞாபகமும் போய்விடும் என்றதால் அதற்கென்று தனி இன்வெர்ட்டர் வைத்தோம். நாங்கள் விசிறிக்கொண்டு கிடந்த நாட்களிலும் அது சுகமாக இருந்தது. முதல் நாள் மத்தியானம் கலாமணி கேட்டாள். காப்பி போட்டாள். ஆறியது. ஆடை கட்டியது. பச்சை விளக்கு எரிந்தது.

"சாப்பிட்டேன்மா."

கலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜன்னலோரம் உக்காந்து சாப்பிட்டேன். பருப்புச் சோறு. பெசையும்போது பாத்தேன், அம்மா, நெய் ஒரு பட்டை, பருப்பு ஒரு பட்டை, சோறு ஒரு பட்டைன்னு தனித்தனியா ஓடுச்சு. ஜன்னலுக்கு வெளியேயும் அதே மாதிரி ஒரு உருண்டை, ஜன்னல் முழுக்க. நடுவுல ஒரு மொளகா வத்தல் சுழிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. அந்த வத்தலுக்குள்ள நம்ம ஊரு, கடலு, மலை எல்லாத்தையும் சேத்துப் போட்டாலும் எடம் மிச்சமிருக்கும். சாப்பிட மறந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சோறு ஆறிப்போச்சு."

பச்சை விளக்கு அணைந்தது. பெட்டி இதைச் சாப்பாடு என்று நம்பி உள்ளே விட்டிருந்தது. என் மகள் வியாழன் கிரகத்தைச் சோற்றுக்குள் பொதிந்து அனுப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மத்தியானங்களைப் பற்றி என்ன சொல்வது? வானம் முழுவதும் ஒவ்வொரு கவளமாக எங்கள் வாசலுக்கு வந்தது. ஒருநாள், காய்ச்சின பாலில் ஏடு கட்டிக் குறுக்கும் நெடுக்கும் வெடித்துக் கிடக்கிற மாதிரி ஒரு உலகம். ஏட்டுக்கு அடியில் பால் இன்னும் சூடாக இருக்கிறதாம், அதில் ஏதாவது நீந்துகிறதா என்று யாருக்கும் தெரியாதாம். இன்னொரு நாள் ஒப்புட்டு, வெளியூரில் போளி என்பார்கள். இலையில் தட்டிய ஒப்புட்டைச் சுற்றி எண்ணெய் வட்டமாக விரிந்து மினுங்கும் இல்லையா, அதுபோல ஒரு வளையம். "கிட்டப் போனா எண்ணெய் இல்லம்மா, எல்லாம் பொடிச்ச கல்கண்டு. ஒவ்வொரு கல்கண்டும் நம்ம வீட்டவிடப் பெருசு. ஒண்ணுமேல ஒண்ணு மோதாம, சத்தமில்லாம, வரிசையாச் சுத்துது. பந்தி பரிமாறுறவங்ககூட இத்தனை ஒழுங்கா வரமாட்டாங்க." அதைக் கேட்ட அன்று கலாமணி ஒப்புட்டு தட்டினாள். நாங்கள் இருவரும் அதைப் பிட்டுச் சாப்பிட மனம் வராமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கப்பலில் மகன் இருந்த சூலூர் ஞானசேகரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வீட்டிலும் பவுடர் டப்பாதான். "எம் பையனுக்கு நான் வேண்டாமுங்க. கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். நிறுத்தியே ரெண்டு கார்த்திகை ஆச்சு" என்றார். ரபீக் கடைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, பதில் வந்ததா என்று அவரைப் போனில் கேட்டேன். பேச்சே இல்லை. மூச்சு மட்டும். நானும் வைத்துவிடாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை வீடுகளில் பிள்ளைகள் கோபக்காரர்களாகவும் நன்றி கெட்டவர்களாகவும் ஆகியிருந்தார்கள் என்று அன்று நினைத்துப் பார்த்தேன்.

கப்பல் போய்க்கொண்டே இருந்தது. பதில் காப்பி ஆறும் நேரத்திலிருந்து ஒரு பகலாக நீண்டது. பிறகு ஒரு அமாவாசையிலிருந்து பௌர்ணமி. பிறகு ஆடியில் கேட்டால் தையில் வந்தது. பெட்டி மறக்கவில்லை. கலாமணி கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். "சூரியன் இப்ப ஒரு கடுகும்மா" என்று ஒரு பதில் வந்தது. "மத்த கடுகுகளோட கலந்து கெடக்குது. எதுன்னு தேடித்தான் எடுக்கோணும். அந்தக் கடுகுக்குப் பக்கத்துல கண்ணுக்கே தெரியாம நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க. இங்க இருட்டுன்னா, கல்யாண வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுப் போன அப்பறம் கழுவிக் கவுத்து வெச்ச அண்டாவுக்குள்ள உக்காந்த மாதிரி. பயமில்ல. ரொம்பச் சுத்தமா இருக்குது."

அதுதான் கடைசியாக வந்தது.

அடுத்த தையில் விளக்கு சிவப்பாக எரிந்தது. பெட்டியின் சின்னத் திரையில் "பொருந்தவில்லை" என்று வந்து அணைந்தது. கலாமணி மறுபடி கேட்டாள். ஆடியில் மறுபடி சிவப்பு. அதற்கடுத்த தையிலும். ரபீக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெகு நேரம் படித்தார்.

"வேல இல்லாத பிராசசருங்க இது" என்றார். "சும்மா உக்காந்திருக்கற நேரமெல்லாம் பாப்பா பேசினதையே திரும்பத் திரும்பப் பாத்திருக்குது. இப்பக் கண்டுபுடிச்சிருச்சு."

"என்னத்த?"

"படிக்கறேன், கேளுங்க. 'பதிலில் வரும் ஒப்புட்டு, ஒப்புட்டு அல்ல. கடுகு, கடுகு அல்ல. கேட்காத செய்தி உள்ளே வருகிறது.' அப்பிடின்னு எழுதியிருக்குது."

"அது தப்பாடா தம்பி? பூரா வானத்தையும் சொல்றா!"

"கேட்டது சாப்பிட்டயான்னுதானுங்களே."

"வந்த பதில அழிச்சிருச்சா? ஒரு எழுத்துகூடப் பாக்க முடியாதா?"

"சட்டமுங்க. திருப்பினதக் காட்டக் கூடாது."

"பிராசசர மாத்து. சின்னதா ஒண்ணு போடு."

ரபீக் தலையைச் சொறிந்தார். "பெரிய காவல் போட்ட வீட்டுக்குச் சின்னக் காவல் போட அனுமதி இல்லீங்க. ஏறலாம், எறங்க முடியாது. அன்னைக்குக் கடையில இதத்தான் சொல்ல வந்தேன். நீங்கதான்..."

"சரி, விடு."

கலாமணி என்னைத் திட்டியிருக்கலாம். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் தேய்த்தாள்.

சிக்கல் என்னவென்றால், பெட்டி திருப்பியது பூர்விகாவுக்குத் தெரியாது. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேறு கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்றேன். "அங்க என்ன விசேஷம்?" என்று பெட்டியிடம் சொன்னேன். "எல்லையில்லாத கேள்வி, அனுப்ப முடியாது" என்றது. "எல்லாத்தையும் சொல்லு கண்ணு" என்றேன். "இது கேள்வியே அல்ல" என்றது. பெட்டிக்கு நாக்கு நீளம் என்று நான் சொன்னதை அது பதிவு செய்துகொண்டது.

மூளைக்கு மூளை என்று நானும் யோசித்தேன். யோசித்து ஒரு கேள்வி தயாரித்தேன். "ஒப்புட்டையும் கடுகையும் பத்திப் பேசாம, சாப்பிட்டயா?" பெட்டி உடனே பச்சை காட்டியது. இதிலேயே அவளுக்கு எச்சரிக்கையும் போய்விடும், பதிலும் வந்துவிடும். எனக்கு என்னை நினைத்தால் பெருமையாக இருந்தது. ஆடி போய், தை வந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது. கலாமணி ஓடி வந்தாள்.

"சாப்பிட்டேன்" என்றாள் பூர்விகா.

விளக்கு அணைந்தது.

அவ்வளவுதான். எச்சரிக்கையைப் புரிந்துகொண்டாள், வாயை மூடிக்கொண்டாள். அரை வருடக் காத்திருப்புக்கு ஒரு வார்த்தை. அந்தக் குரல் என்னவோ மாதிரி இருந்தது. களைப்பா, கோபமா, சந்தோஷமா? ஒரு வார்த்தையில் எதைக் கண்டுபிடிப்பது?

"இனி நீங்க கேக்க வேண்டாம்" என்றாள் கலாமணி. பெட்டியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் போனில் பேச்சு ஓய்ந்துபோனால், வைக்கவும் மனமில்லாமல், சொல்லவும் ஒன்றுமில்லாமல் ஒரு வார்த்தை சொல்வோம். யோசித்துச் சொல்வதில்லை. மூச்சு மாதிரி தானாக வரும். கலாமணிக்கும் அப்படித்தான் வந்தது.

"அப்பறம்?" என்றாள்.

பெட்டி மஞ்சளாக எரிந்தது.

மஞ்சள் விளக்கு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். சிவப்பும் ஆகவில்லை, பச்சையும் ஆகவில்லை. தகடுகளைத் தொட்டேன், சுட்டது. சாயங்காலம் பக்கத்தில் போக முடியவில்லை. கலாமணி மேலே ஒரு அப்பளத்தை வைத்துப் பார்த்தாள், பொரிந்தது. காலமெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்த பிராசசர் முதல் தடவையாக வேலை செய்தது. மறுநாள் வெயில் சாயும்போது, சலித்துப்போன மனிதர் கையெழுத்துப் போடுவது மாதிரி, விளக்கு பச்சைக்கு மாறியது. கேள்வி போய்விட்டது.

ரபீக்கைக் கூப்பிட்டேன். அவர் படித்துப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"இது எப்பிடிப் போச்சு?"

"நீதான் சொல்லோணும்."

"'சாப்பிட்டேன்'னு பதில் வந்துச்சுங்களா. அதுக்கு மேல அம்மா அப்பறம்னு கேட்டிருக்காங்க. சாப்பிட்டதுக்கு அப்பறம் என்னன்னு அர்த்தமாயிப்போச்சு. பொட்டி எல்ல இருக்குதான்னு பாத்திருக்குது. இந்தப் பக்கம் சொவரு இருக்குது. அந்தப் பக்கம் சொவரத் தேடி ஒரு நாள் பூரா போயிருக்குது, இருந்தாத்தானே? ஒரு பக்கம் சொவரு இருந்தாப் போதும்னு உட்டுருச்சு." அவர் கலாமணியைப் பார்த்தார். "அம்மா, சாப்பிட்டதுக்கு அப்பறம் நடந்தது எதுவா இருந்தாலும் இதுக்குப் பதிலுதானுங்க. இனி என்ன சொன்னாலும் பொருந்தும்."

கலாமணி முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துல ஒரு கேள்விதான். பதில் முடியற வரைக்கும் கதவு தெறந்திருக்கும். நடுவுல நீங்க வேற என்ன கேட்டாலும் இது மூடிரும். அம்மா பேசாம இருக்கோணும்."

"நானா?" என்றாள் கலாமணி.

"கஷ்டந்தானுங்க" என்றார் ரபீக், என்னைப் பார்த்து.

கப்பல் இன்னும் தள்ளிப் போயிருந்ததால், ஆடி வெறுமனே கழிந்து அடுத்த தை பிறந்தது. பொங்கல் பானையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தோம். பச்சை.

முதலில் சிரிப்புதான் கேட்டது. நிறுத்த முடியாத சிரிப்பு. "அப்பறமா?" என்றாள் பூர்விகா. "அம்மா, நீயா கேட்ட?" மறுபடி சிரிப்பு. அந்த வார்த்தை எத்தனை அகலமான கதவு என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்க வேண்டும். பெட்டியோடு மல்லுக்கட்டி வளர்ந்த தலைமுறை. மூச்சு வாங்கிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அப்பறம்..."

அது இன்னும் முடியவில்லை.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பதில் முடிந்தால்தானே கதவு மூடும்? அவள் முடிக்கவில்லை. ஒப்புட்டும் கடுகும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றின் நெருப்பு மற்றொன்றுக்கு ஒழுக, ஒன்றையொன்று சுற்றி வருவதைச் சொன்னாள். யாரும் இதுவரை பார்க்காத ஒரு இருண்ட உலகம், சூரியனே இல்லாமல், தன்னந்தனியாக, தன் நிலாக்களை மட்டும் கூட்டிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருப்பதைச் சொன்னாள். கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்து, அது கடந்துபோகும்வரை, ஊர்வலத்துக்கு வழிவிடுகிறவர்கள் மாதிரி எழுந்து நின்றார்களாம். கேட்டுக்கொண்டிருந்த நானும் எழுந்து நின்றேன்.

களைத்துப்போனால் "இருங்க, வர்றேன்" என்று அப்படியே விட்டுவிட்டுப் போவாள். அப்போதும் கதவு திறந்தே இருக்கும். கப்பலின் சத்தம் வரும். நடக்கிற சத்தம், யாரோ தும்முகிற சத்தம், அதற்கெல்லாம் அடியில் அவள் மோட்டார்கள் ஓடும் சத்தம். நான் காதை வைத்துக் கேட்பேன். இடப்பக்கத்து மோட்டாரில் பேரிங் தேய்கிறது. சொல்ல வேண்டும் என்று நாக்கு அரிக்கும். சொன்னால் கதவு மூடிவிடும். அவளுக்கே தெரிந்திருக்கும், என் மகள்.

கலாமணி சமையலை வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். காய் நறுக்குவதும் அங்கே, தூங்குவதும் அங்கே. வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகியவள் ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களிடம் சைகையில் பேசினாள். கொத்தமல்லிக் கட்டு என்ன விலை என்றுகூட வாசலில் நின்று கேட்க மாட்டாள். பெட்டி தவறாக எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம்.

போன வாரம் மத்தியானம், பூர்விகா "இருங்க, வர்றேன்" என்று போயிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கலாமணி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கப்பலுக்குள் சின்னக் காலடிகள் கேட்டன. ஓடி வந்து நின்றன. யாரோ மைக்குக்கு மிகவும் பக்கத்தில் மூச்சு விட்டார்கள்.

"அப்பறம்..." என்றது ஒரு குரல்.

பூர்விகா இல்லை. பல் முளைத்து வெகு நாளாகியிராத குரல்.

"அப்பறம், அம்மா மோட்டாரு பாக்கப் போயிருக்குது. என்னையச் சொல்லச் சொல்லுச்சு. நிறுத்தாமச் சொல்லோணுமாம். அப்பறம்... அப்பறம் எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அப்பறம்..."

அவரைக்காய் சிதறியது.

சாப்பிட்டாயா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். பொருந்தவில்லை என்று பெட்டி அழித்த பதில்களில் ஏதோ ஒன்றில் இந்தச் சேதி வந்து நின்றிருக்கும். இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடுகிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பாள். இன்னொரு பதிலில் முதல் சோறு ஊட்டியதைச் சொல்லியிருப்பாள். எங்களுக்குத் தெரியும் என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறாள்.

கலாமணி எழுந்தாள். பெட்டியை நோக்கிக் குனிந்தாள். அவள் வாய் திறந்தது. அந்த வாயில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பேரென்ன கண்ணு? ஆணா, பெண்ணா? யார் ஜாடை? உன் அப்பா யாரு? அத்தனையும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. நான் கையை நீட்டுவதற்குள் அவளே முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

அங்கே அந்தக் குரல் யோசித்துக்கொண்டிருந்தது.

"அப்பறம், இங்க ஜன்னல் இருக்குது" என்றது கடைசியில். "ஜன்னல்ல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாதது ரொம்பப் பெருசா இருக்குது. அப்பறம்..."

பேர் இன்னும் தெரியவில்லை. தானாகச் சொல்லும்.